கடைசி ஓடரிலிருந்து பின்னோக்கி: கம்பளையின் சிறு கலைத்தொழில்களும் சமூக ஊடக நாட்காட்டியும்

நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முதல்நாள் மாலை வரை இலங்கையில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி, ஊர் ஊராக வரும் தகவல்களைக் கேட்டு அறிவித்த பிறகுதான் நாள் முடிவாகும். ஆனால் கம்பளையில் பெருநாள் உடுப்புத் தைக்கிற ஒருவர் தன் வேலையின் படங்களை ஒன்றரை மாதத்துக்கு முன்பே பேஸ்புக்கில் போடத் தொடங்கியிருக்க வேண்டும். பிந்தினால் ஓடர் வேறிடத்துக்குப் போய்விடும். நாள் நிச்சயமில்லாத ஒன்றுக்காக நாள் குறித்து வேலை செய்ய வேண்டிய இந்த நெருக்கடியை, சமூக ஊடகப் பதிவுகளை முன்கூட்டித் திட்டமிடுவது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

அந்த வழிகாட்டிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. மாதத் தொடக்கத்தில் உட்காருங்கள், முப்பது நாளுக்கும் பதிவுகளை எழுதுங்கள், படங்களை ஒரே மூச்சில் எடுங்கள், நேரம் குறித்து விட்டுவிடுங்கள், பிறகு நிம்மதியாகத் தொழிலைப் பாருங்கள். பெரிய நிறுவனத்துக்கு இது சரிவரும். கேக் செய்கிறவர், மெஹந்தி போடுகிறவர், சாரி ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்கிறவர், கல்யாண மேடை கட்டுகிறவர், சிறிய ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைக் கம்பளையை வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டமிடத்தான் வேண்டும். ஆனால் பண்டிகை நாளை வைத்துத் திட்டமிடக்கூடாது. ஓடர் எடுக்கக்கூடிய கடைசி நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எண்ணும்போது ஓடர் கொப்பி பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊரும் வாங்குவோரும்

1867இல் கண்டிக்கு வந்த ரயில்பாதை 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்டது. இடையில் இருக்கும் கம்பளை அன்றிலிருந்தே தோட்டங்களுக்கும் பட்டணத்துக்கும் நடுவிலான சந்தை. பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பெருந்தெரு இந்த ஊரைக் கடந்துதான் புசல்லாவைக்கு ஏறுகிறது. புசல்லாவை, உலப்பனை, தொலுவ, புப்புரஸ்ஸ பக்கத்து மக்கள் நகை, துணி, அழைப்பிதழ், போட்டோ என்று எதற்கும் இறங்கி வருமிடம் இது. சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் மூன்று தரப்பும் ஒரே கடைத்தெருவில் வாங்குகிறார்கள். ஒரு மேடை அலங்காரக்காரர் ஒரே மாதத்தில் ஒரு வலீமா விருந்துக்கும், ஒரு சாமத்தியச் சடங்குக்கும், ஒரு சிங்களக் கல்யாணத்தின் போருவ மேடைக்கும் பூ வாங்க நேரிடுவது இங்கே சாதாரணம்.

இதனால் கம்பளையின் சிறு கலைத்தொழிலுக்கு ஒரு நாட்காட்டி போதாது. ஒன்று சூரியனைப் பார்க்கிறது, ஒன்று பிறையைப் பார்க்கிறது, ஒன்று முழுநிலவைப் பார்க்கிறது. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் ஓரிரு நாள் வித்தியாசத்துக்குள் ஆண்டுதோறும் அதே இடத்தில் வரும். இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். போயா ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் ஊரை மூடும். இவை தனித்தனியாக ஓடும்போது சிக்கல் இல்லை. ஒன்றோடொன்று உரசும் ஆண்டில்தான் கை போதாமல் போகிறது. 2023இல் சித்திரைப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து நோன்புப் பெருநாள் வந்தது. 2024இல் இரண்டும் ஒரே வாரத்துக்குள் வந்தன. அந்த இரு ஆண்டுகளிலும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பருவத்தில் இரண்டு பருவத்தின் வேலை. முந்தைய ஆண்டுப் பதிவுகளை அப்படியே திகதி மாற்றிப் போட்டவர்கள் எடுக்க முடியாத ஓடரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு நுட்பமான விஷயம் பஞ்சாங்கம். சித்திரைப் புத்தாண்டில் எந்த நிற ஆடை உடுத்த வேண்டும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். வாக்கியமும் திருக்கணிதமும் நேரத்தில் வேறுபடுவதும் உண்டு. தையற்காரர் ஜனவரியிலேயே பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த நிறத்தில் துணி இறக்கி, ஒரு மாதிரி தைத்து, மார்ச் தொடக்கத்தில் படம் போட்டால் அது வாடிக்கையாளர் உண்மையில் தேடுகிற தகவலாக இருக்கும். எந்த மென்பொருளும் இதை நினைவூட்டாது. ஆடி மாதத்தில் தமிழ்க் கல்யாணங்கள் குறைவு, நோன்பு மாதத்தில் முஸ்லிம் கல்யாணங்கள் குறைவு. மணப்பெண் அலங்காரம் செய்கிறவருக்கு அவை ஓய்வு மாதங்கள் போலத் தோன்றும்; ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் விசாரிப்பது ஆடியில்தான்.

முன்னோடிகள்

காலத்துக்கு முன்பே உள்ளடக்கம் தயாரிப்பது தமிழருக்குப் புதிதல்ல. சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். டிசெம்பரில் கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டிக்கு ஓகஸ்டிலேயே படம் தெரிவாகிவிடும். தீபாவளி மலர் போடும் பத்திரிகை ஆசிரியர் மலருக்கான கதையை மழைக்காலம் வரும்வரை காத்திருந்து கேட்பதில்லை. இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியை அமீன் சயானி புதன்கிழமை இரவுகளில் நடத்தியபோது, இந்தியாவில் கேட்போர் அந்த நேரத்துக்கு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரப் பழகிக்கொண்டார்கள். அந்த நிகழ்ச்சியின் பலத்தில் பாதி, அது மாறாத கிழமையில் மாறாத நேரத்தில் வந்தது.

சிவகாசியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தயாரிப்புக்கான கால இடைவெளியை. வானொலியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிழமையை. வாரத்தில் இரண்டே பதிவு, ஆனால் எப்போதும் வியாழன் இரவும் ஞாயிறு காலையும் என்று பழக்கிவிட்டால் அது தினமும் எதையாவது போடுவதைவிட மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேஸ்புக் 2018 ஜனவரியில் தன் ஓட்டத்தை மாற்றி, பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுப்பதாக அறிவித்தது. எண்ணிக்கையைக் கூட்டினால் ஆட்கள் வருவார்கள் என்ற கணக்கு அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. அதன் பிறகு செல்லாமல் போயிற்று. இன்ஸ்டாகிராமின் தலைவர் அடம் மொசேரி 2025இல் சொன்ன முக்கிய அளவுகோல்கள் மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், விருப்பம் தெரிவிக்கிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா. தங்கைக்கு அனுப்பி “இப்படித் தைப்போமா” என்று கேட்க வைக்கும் ஒரு படம், நாளுக்கொன்றாகப் போட்ட பல படங்களுக்கு ஈடு.

ஒரு தீபாவளியை எடுத்துக்கொள்வோம்

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. கம்பளையில் ஓர் அக்கா, உதவிக்கு ஒரு பிள்ளையுடன், சாரி ஜாக்கெட் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு ஜாக்கெட் முடிப்பார். இந்தத் தீபாவளிக்கு எண்பது தைக்கலாம் என்று நினைக்கிறார். எண்பதை நான்கால் வகுத்தால் இருபது வேலை நாள். திருத்தம் வரும், தூரத்து ஓடரைக் கூரியரில் அனுப்ப வேண்டும். ஆகவே கடைசி ஜாக்கெட் நவம்பர் 5, வியாழனன்று கையை விட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துப் பின்னோக்கி எண்ணினால் இருபதாவது நாள் ஒக்டோபர் 14இல் விழுகிறது. இடையில் வரும் போயா ஞாயிறிலேயே விழுவதால் கணக்கு மாறாது; ஆயத்தத்துக்கு ஒரு நாள் விட்டால் 13. ஆக, ஒக்டோபர் 12ஆம் திகதியோடு கொப்பி மூடப்பட்டாக வேண்டும். அதற்குப் பிறகு “தீபாவளி ஓடர்கள் எடுக்கப்படும்” என்று ஒரு பதிவு தானாக வெளியாகிக்கொண்டிருந்தால், அது அவருக்கே எதிராக வேலை செய்கிறது.

இப்போது வாங்குகிறவரின் பக்கம். தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிக் கைக்கு வரும். அடுத்த சம்பளம் நவம்பர் 10, அதாவது தீபாவளிக்கு இரண்டு நாள் பிந்தி. எனவே 2026 தீபாவளிச் செலவு ஒக்டோபர்ச் சம்பளத்தையும் தீபாவளி முற்பணத்தையும் நம்பியிருக்கிறது. ஒக்டோபர் 10 சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு பட்டணத்துக்கு இறங்கும் நாள். அளவு கொடுக்க வருவது அன்றுதான். கொப்பி மூடப்படுவது அதற்கு அடுத்த நாள். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து பொருந்துகின்றன. இதைக் கண்டுகொள்வதுதான் திட்டமிடுதலின் பெரும்பகுதி.

இதிலிருந்து பதிவுகள் தாமாக வரிசைக்கு வரும். ஆரி வேலைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு மூன்று நாள் போவதால் அதன் ஓடர் ஒரு மாதம் முன்பே, செப்டெம்பர்ச் சம்பள வாரத்தில் முடிய வேண்டும். அப்படியானால் ஆரி மாதிரிகள் ஓகஸ்ட் கடைசியில் கண்ணில் பட வேண்டும். செப்டெம்பர் நடுவில் சாதாரண ஜாக்கெட்டின் கழுத்து வடிவங்கள். மாதக் கடைசியில் விலைப்பட்டியல், ஒளிவுமறைவில்லாமல். “விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்” என்று எழுதுவதை நான் எதிர்க்கிறேன். நாட்சம்பளக் கணக்கில் வாழும் குடும்பம் விலை தெரியாமல் பஸ் காசு செலவழித்து வராது. கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடும். ஒக்டோபர் 8, வியாழன் இரவு: ஞாயிறு காலை எத்தனை மணிக்குக் கடை திறக்கும், அளவு ஜாக்கெட் கொண்டு வர வேண்டுமா, முற்பணம் எவ்வளவு. 12ஆம் திகதி இரவு: இடம் முடிந்துவிட்டது, நன்றி. அதன் பிறகு நவம்பர் 5 வரை விற்கும் பதிவே வேண்டாம். தைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினால் போதும். பத்து வாரத்துக்கு வாரம் இரண்டாக மொத்தம் இருபது பதிவு.

இந்த இருபதையும் ஒரே நாளில் குறித்து வைக்கலாமா? இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்குகளில் 75 நாள் முன்னே வரை குறித்து வைக்கலாம். ஓகஸ்ட் 25இல் உட்கார்ந்தால் சரியாக நவம்பர் 8 வரை எட்டும். மெட்டா பிஸ்னஸ் சூட்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் ஒரே திரையில் இலவசமாகப் பார்க்கலாம். பஃபர் போன்ற சேவைகள் மூன்று கணக்கு வரை இலவசமாக விடுகின்றன. கருவி ஒரு தடையே இல்லை. ஆனால் என் பரிந்துரை, படங்களையும் வாசகங்களையும் இருபதுக்கும் தயார் செய்துகொண்டு, நேரம் குறித்து வைப்பதை இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

வட்ஸ்அப் இந்தத் திட்டத்துக்குள் அடங்காது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். அதைக் கையால்தான் போட வேண்டும். பிரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே அளவு எடுக்கும்போதே “அக்கா, நம்பரைப் பதிஞ்சு வைங்க” என்று சொல்லிப் பதிய வைப்பது ஒரு பதிவு போடுவதற்குச் சமமான வேலை. 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் விலைப்பட்டியலை வைக்கவும், அடிக்கடி வரும் கேள்விக்குப் பதிலை முன்கூட்டி எழுதி வைக்கவும் முடியும். எனக்குத் தெரிந்து கம்பளை அளவிலான தொழிலுக்கு இதுவே எல்லாவற்றிலும் பயனுள்ள முன்தயாரிப்பு. ஏனென்றால் பதிவைப் பார்ப்பது பேஸ்புக்கில் என்றாலும் பேரம் முடிவது வட்ஸ்அப்பில்.

நேரம் பற்றி ஒரு சொல். எந்த நேரத்தில் போட வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்க அலுவலக நாளைக் கொண்டு தயாரானவை. கம்பளையில் காசு கொடுக்கும் ஆள் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கலாம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னே. வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன் இரவு ஒன்பதரைக்கு இங்கே போட்டால் அங்கே ஏழு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்த நேரம். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகும் ஸஹருக்கு எழும் வேளையிலும் தொலைபேசி கையில் இருக்கும். தன் பக்கத்தின் புள்ளிவிவரத்தை மூன்று மாதம் கவனித்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிச்சமும் மழையும்

படங்களை ஒரே நாளில் எடுத்து வைப்பது என்ற ஆலோசனை கம்பளையில் வேறொரு காரணத்துக்காகக் கட்டாயமாகிறது. இது ஈரவலயம். மே தொடங்கித் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் வந்தால் காலையில் வெயில் அடித்து, பிற்பகல் இடியோடு இருட்டிவிடும். தீபாவளிப் பருவம் முழுதும் இந்த இடிமழைக் காலத்துக்குள் அடங்குகிறது. குழல்விளக்கின் கீழ் எடுத்த மெரூன் பட்டு ஊதாவாகத் தெரியும். படத்தைப் பார்த்து ஓடர் கொடுத்தவர் துணியைப் பார்த்து முகம் சுளிப்பார். ஆகவே காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், ஜன்னல் ஓரத்தில், வெள்ளைத் துணி விரித்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை எடுத்துவிட வேண்டும். கேக் செய்கிறவருக்கு இது இன்னும் கடினம். கேக் முடிவது இரவில், கொடுக்க வேண்டியது விடியற்காலையில். அவருக்குப் பயன்படுவது முடிந்த கேக்கின் படத்தைவிட வெட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் வீட்டில் எடுத்த படம்; அதை அனுப்பித் தரும்படி பெட்டியைக் கொடுக்கும்போதே கேட்டுவிடலாம்.

2022ஐ எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. ஆங்கில எழுத்துகளால் பிரிக்கப்பட்ட வலயப் பட்டியல் ஒவ்வொரு நாளும் வெளியாகும். இயந்திரம் எப்போது ஓடும், தொலைபேசி எப்போது சார்ஜ் ஏறும் என்பதையெல்லாம் அந்தப் பட்டியல்தான் தீர்மானித்தது. பதிவுகளை முன்னேற்றி வைப்பதன் பயனை அந்த மாதங்கள் எவ்வளவோ பேருக்கு உணர்த்தின. மின்சாரமும் சிக்னலும் இருக்கும் ஒரு மணி நேரத்தில் வாரத்துக்கானதைக் குறித்து வைத்தால், இருட்டில் இருந்தாலும் பக்கம் இயங்கும்.

தானாக வெளியாகும் பதிவின் ஆபத்து

இதன் மறுபக்கம் கடுமையானது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகால நிலை வந்தது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், வைபர் முடக்கப்பட்டு, ஒரு வாரம் அளவில் அப்படியே இருந்தன. கண்டி மாவட்டத்தில் கடை வைத்திருந்த எவருக்கும் அந்த வாரத்தில் விற்பனை பற்றிய நினைப்பே இருந்திருக்காது. ஆனால் முன்பே நேரம் குறித்து வைத்த பதிவு இலங்கையில் முடக்கம் இருந்தாலும் நிறுவனத்தின் கணினியிலிருந்து வெளியாகும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், ஊர் எரிகிறதா என்று தேடிப் பதறும்போது அவர் கண்ணில் ஒரு தள்ளுபடி அறிவிப்புப் படும். கடைக்காரருக்கோ உள்ளே போய் அதை அழிக்க வழியில்லை. குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று வாழ்த்துப் படங்களை முன்னேற்றி வைத்திருந்த பக்கங்களின் நிலையும் அதுவே. அன்றும் தளங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடியும். 2021 ஒக்டோபர் 4இல் மெட்டாவின் சேவைகள் உலகம் முழுதும் ஆறு மணி நேரமளவில் நின்றபோது அரசாங்கம் காரணமில்லை, ஆனால் கடைக்காரருக்கு உள்ளே போக வழியில்லாமல் போனது ஒன்றுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மகாவலி கம்பளை நகருக்குள் ஏறியது, மலைப்பக்கம் மண்சரிவுகள். கண்டி மாவட்டம் உயிரிழப்பில் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. நத்தார், புத்தாண்டு விற்பனைக்குப் பதிவுகள் தயாராகும் வாரம் அது. சேறு படிந்த தெருவும் காணாமற்போனவர்களின் படங்களும் ஓடும் அதே திரையில் ஒரு கேக் சலுகை தோன்றினால், அதைப் போட்டவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று எவரும் யோசித்துப் பார்க்கமாட்டார்கள். சின்ன ஊரில் அது மாதக்கணக்கில் பேசப்படும்.

இரண்டு வாரத்துக்கு மேல் குறித்து வைக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். இன்னும் இரண்டு ஏற்பாடுகள் செய்யலாம். கணக்கின் நிர்வாகப் பொறுப்பை வெளிநாட்டில் இருக்கும் நம்பகமான ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்து வையுங்கள். இங்கே முடக்கம் வந்தால் அவர் உள்ளே போய் எல்லாவற்றையும் நிறுத்தலாம். தினமும் காலையில் அன்று வெளியாக வேண்டியதை ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும், செய்தி கேட்ட பிறகு. பெருநாள் வாழ்த்தைப் பொறுத்தவரை அதை ஒருபோதும் தானியங்கியாக வைக்கக்கூடாது. பிறை அறிவிப்பு வந்த பிறகு கையால் போடுங்கள். உண்மையில் பண்டிகை வாழ்த்துப் படங்களில் பெரும்பாலானவை தேவையே இல்லை என்பது என் எண்ணம். தீபாவளிக் காலையில் கண்டி வீதி முழுதும் உள்ள கடைகள் கன்வா செயலியில் கிடைக்கும் ஒரே விளக்குப் படத்தைத் தம் பெயர் பொறித்துப் போடுகின்றன. அந்த உழைப்பை ஓடர் கடைசி நாளை அறிவிக்கும் பதிவுக்குக் கொடுத்திருக்கலாம்.

எதைக் காட்டுவது

கண்டிப் பக்கம் கைவினைக்குப் பஞ்சமில்லாத இடம். கம்பளை தலைநகராக இருந்த 14ஆம் நூற்றாண்டின் எம்பெக்கே தேவாலயத் தூண்களில் அன்னமும் மல்லரும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்டிருப்பதைச் சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் படமெடுக்கிறார்கள். தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ஹண செடியின் இலையைச் சீவி நார் எடுப்பது, பதங்கிக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றுவது, தரையோடு தரையாக இருக்கும் தறியில் நெய்வது என்று ஒரு பாய்க்குள் ஐந்தாறு கட்டங்கள் இருக்கின்றன. பாய் விற்கிற ஒருவர் முடிந்த பாயை மட்டும் காட்டினால் ஒரு பதிவு; கட்டங்களைக் காட்டினால் ஒரு மாதம். மெஹந்திக்கும் கேக்குக்கும் ஆரிக்கும் இது அப்படியே பொருந்தும். வேலை நடக்கும்போது இருபது விநாடி படமெடுத்து வைப்பது பிறகு உட்கார்ந்து யோசிப்பதைவிட எளிது. விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கும் அந்த இருபது விநாடியே பதில் சொல்லிவிடும்.

திட்டமிடாமலே புகழ் வரலாம் என்பதற்குக் கம்பளையிலேயே சாட்சி இருக்கிறது. அம்புளுவாவ மலைக் கோபுரத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி ஏறும் குறுகிய படிக்கட்டைப் பயணிகள் எடுத்த டிக்டொக், இன்ஸ்டாகிராம் வீடியோக்கள் உலகமெங்கும் கொண்டுபோயின. எந்த நாட்காட்டியும் அதைக் குறித்து வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தக் கோபுரத்துக்கு ஓடர் கொப்பி கிடையாது. நூறு பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் அது தைக்க வேண்டியதில்லை. இரண்டு கையால் தொழில் செய்கிறவருக்கு ஒரே இரவில் வரும் ஐநூறு விசாரிப்பு ஒரு சுமை. அவருக்குத் தேவை, எடுக்கக்கூடிய அளவு ஓடர் எடுக்கக்கூடிய காலத்தில் வருவது.

மொழி விஷயத்தில் சுருக்கமாக: தமிழும் சிங்களமும் ஒரே பதிவில், படத்துக்குள் அதிகம் எழுதாமல். வடிவமைக்கிற பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே பேஸ்புக் பெட்டிக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வரும். முதலிலேயே யூனிகோடில் எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் அடுத்த ஆண்டும் பயன்படும், தேடினாலும் கிடைக்கும். சிங்கள வாசகத்தை இயந்திர மொழிபெயர்ப்புக்கு விடாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். இருபது வாசகத்தை ஒரே தடவையில் கேட்டு வாங்குவது, அவசரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட அவருக்கும் எளிது. முன்கூட்டித் திட்டமிடுவதால் கிடைக்கும் பெரிய நன்மைகளில் இதையும் ஒன்றாகச் சேர்ப்பேன்.

பிறர் முகங்கள்

கடைசியாக, வழிகாட்டிகள் எழுதாத ஒன்று. மாதக்கணக்கில் முன்னே திட்டமிடுகிறவரிடம் படங்கள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை மற்றவர்களின் முகங்கள். பெப்ரவரியில் எடுத்த மணப்பெண்ணின் படம் ஓகஸ்டில் வெளியாகும்போது அந்தக் குடும்பத்தில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. சில முஸ்லிம் வீடுகளில் பெண்ணின் முகம் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். கை மட்டும், மெஹந்தி மட்டும் எடுத்தாலும் கேட்க வேண்டும். சாமத்தியச் சடங்கின் படங்களை நான் முற்றாக விலக்கச் சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தை மேடை அலங்காரத்தின் மாதிரி என்று ஊர் பார்க்கப் போடுவதற்கு அம்மா தலையாட்டினாலும் போதாது. அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடத்தில் அதே படத்தைச் சந்திக்கப் போகிறாள். மேடையை வெறுமையாக, ஆட்கள் வருவதற்கு முன் எடுக்கலாம். ஜாக்கெட்டைப் பொம்மையில் போட்டு எடுக்கலாம்.

இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் சட்டம் கேட்கும்வரை காத்திராமல் ஓடர் கொப்பியிலேயே இதற்கு இடம் ஒதுக்கலாம். பெயர், அளவு, முற்பணம், கொடுக்கும் திகதி என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: படம் போடலாமா, முகத்தோடா முகமில்லாமலா, எதுவரை. அளவு எடுக்கும்போது கேட்டு அங்கேயே எழுதி, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். பதிவுகளைக் குறித்து வைக்க உட்காரும் நாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் எவருடைய படத்தையும் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.